ஹாலோத்தேனுக்கு ஒரு நினைவுப் பலகை: என்ன எழுதுவது, எதில் வெட்டுவது, எப்படிப் பதிப்பது?

கேட்டவர்: பாயில்_மெஷின்

வணக்கம். சென்னையில் ஓர் அரசு மருத்துவமனை. அதன் பழைய அறுவை அரங்கத் தொகுதியின் வாசல் சுவரில் ஹாலோத்தேன் என்ற மயக்க மருந்துக்கு நினைவுப் பலகை வைக்க மயக்கவியல் துறையின் பழைய மாணவர்கள் முடிவு செய்திருக்கிறோம். கட்டடம் செங்கல், சுண்ணாம்புக் காரை. கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள். சுவர் மேற்குப் பார்த்தது, மழையும் வெயிலும் நேரே அடிக்கும். திறப்பு அக்டோபர் 16, உலக மயக்கவியல் நாள் அன்று. உள்ளே வராந்தாவில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்து, கழித்துவிட்ட ஃபுளூவோடெக் மார்க் 3 வேப்பரைசர் (திரவ மயக்க மருந்தை ஆவியாக்கும் கருவி) ஒன்றையும் காட்சிக்கு வைக்கப்போகிறோம்.

இப்போது கையில் இருக்கும் வாசகம்:

"உலகின் முதல் நவீன மயக்க மருந்தான ஹாலோத்தேனைக் கண்டுபிடித்த டாக்டர் சார்ல்ஸ் சக்லிங் அவர்களின் நினைவாக, இந்தியாவில் மயக்கவியல் பிறந்த இம்மண்ணில் இப்பலகை நிறுவப்படுகிறது."

இதன் கீழே நன்கொடையாளர்கள் 22 பேரின் பெயர்கள். பித்தளையில் செய்வதா, கிரானைட்டிலா என்று எங்களுக்குள் இரண்டு கட்சி. வாசகத்தில் பிழை இருந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள். கல்லில் ஏறிவிட்டால் திருத்த முடியாது.

---

பதில் 1: ஈதர்_டோம்

நல்ல வேலை எடுத்திருக்கிறீர்கள் சார். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் ஐந்து இடம் திருத்த வேண்டும்.

"உலகின் முதல்" என்பது நிற்காது. பாஸ்டனில் மார்ட்டன் ஈதர் கொடுத்துக் காட்டியது 1846 அக்டோபர் 16. நீங்கள் திறப்பு விழா வைக்கும் நாளே அதுதான். எடின்பரோவில் சிம்ப்சன் குளோரோஃபார்மைச் சோதித்தது 1847 நவம்பர். "முதல் நவீன" என்று ஒரு சொல் சேர்த்தாலும் தப்பிக்க முடியாது. "முதல் ஃபுளூரின் மயக்க மருந்து" என்று மாற்றினாலும் தவறுதான், ஏனென்றால் ஃபுளூராக்சின் அதற்குச் சில வருஷம் முன்பே மனிதர்களுக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. அது தீப்பற்றும், பரவலாக நிலைக்கவில்லை, அவ்வளவுதான். ஹாலோத்தேனின் பெருமை வேறு. தீப்பற்றாதது, மூச்சுக்குழாயை எரிச்சலூட்டாதது, சீக்கிரம் மயக்குவது என்ற மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து, உலகம் முழுக்க அறுவை அரங்குகளில் புழங்கிய முதல் ஃபுளூரின் மருந்து அது. பலகைக்குத் "தீப்பற்றாத மயக்க மருந்து" என்ற மூன்று சொல் போதும். அதன் கனம் அரங்கில் வேலை செய்தவர்களுக்குப் புரியும். ஈதரின் கொதிநிலை 34.6 டிகிரி, சென்னை மே மாதத்து அறை வெப்பமே அதைத் தாண்டும். ஈதர் ஆவி ஆக்சிஜனோடு கலந்து நிற்கும் அறையில் டயாதெர்மியின் (மின்சாரத்தால் திசுவைச் சுடும் அறுவைக் கருவி) ஒரு பொறி போதும். சைக்ளோபுரொப்பேன் என்ற மயக்க வாயுவும் வெடிக்கும். தீப்பற்றாத குளோரோஃபார்மோ இதயத்தை நிறுத்தும், ஈரலைக் கெடுக்கும். 1950-கள் வரை பெரும்பாலும் இந்த இரண்டு ஆபத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தான் அறுவை செய்தார்கள்.

அடுத்தது "கண்டுபிடித்த". தமிழில் இந்த ஒரு சொல்லை, இருந்ததைக் கண்டதற்கும் சொல்கிறோம், இல்லாததை ஆக்கியதற்கும் சொல்கிறோம். ஹாலோத்தேன் தற்செயலாக அகப்பட்டதல்ல. ஐ.சி.ஐ. என்ற பிரிட்டிஷ் ரசாயன நிறுவனத்தின் விட்னஸ் ஆய்வகத்தில் சக்லிங் முதலில் என்னென்ன குணம் வேண்டும் என்று வகுத்துக்கொண்டு, அதற்கேற்ற மூலக்கூறைத் திட்டமிட்டுக் கட்டினார். இரண்டு கார்பன். ஒன்றில் மூன்று ஃபுளூரின், அது நிலைத்தன்மைக்கு. மற்றதில் ஒரு புரோமின், ஒரு குளோரின், ஒரு ஹைட்ரஜன். 1951-இல் அதைத் தயாரித்தார். ஆகவே "உருவாக்கிய" என்று எழுதுங்கள்.

"டாக்டர்" என்பதை எடுத்துவிடுங்கள். அவர் வேதியியலர், முனைவர். நம்ம ஊரில் மருத்துவமனைச் சுவரில் டாக்டர் என்று போட்டால் ஊசி போடுகிற டாக்டர் என்றுதான் படிப்பார்கள்.

ஒரே பெயர் போடுவதும் சரியில்லை. இந்த மருந்துக்கு மூன்று கை உண்டு. மூலக்கூறு சக்லிங்குடையது. அதை விலங்குகளில் முறையாகச் சோதித்து, இதயத்துக்கும் ஈரலுக்கும் என்ன செய்கிறது என்று 1956-இல் வெளியிட்டவர் அதே நிறுவனத்தின் மருந்தியலர் ஜேம்ஸ் ரவென்டோஸ், காட்டலோனியாக்காரர். மான்செஸ்டரில் நோயாளிகளுக்குக் கொடுத்து நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் மயக்கவியல் மருத்துவர் மைக்கேல் ஜான்ஸ்டன், அதுவும் 1956. ஒருவரை மட்டும் போட்டால் மற்ற இருவரை அழித்த மாதிரி ஆகும். பாஸ்டன் பொதுப்பூங்காவில் 1868-இல் திறந்த ஈதர் நினைவுச் சின்னத்தைப் பாருங்கள். மார்ட்டனா, ஜாக்சனா, வெல்ஸா, லாங்கா என்ற சண்டை ஓயாததால், யார் பெயரையும் போடாமல், ஈதரை முகர்ந்தால் வலி தெரியாது என்பது இன்ன ஊரில், இன்ன மருத்துவமனையில், இன்ன மாதத்தில் உலகுக்கு மெய்ப்பிக்கப்பட்டது என்று மட்டும் வெட்டினார்கள். உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. மூவரின் பங்கும் தெளிவாகப் பிரிந்து நிற்கிறது. மூவரையும் போடுங்கள்.

கடைசியாக, "இந்தியாவில் மயக்கவியல் பிறந்த இம்மண்". இந்தியாவில் ஈதர் முதலில் கொடுக்கப்பட்டது 1847-இல் கல்கத்தாவில். சென்னைக்குப் பெருமை குறைவில்லை. 1664-இல் கோட்டைக்குள் தொடங்கிய மருத்துவமனை, 1835-இல் வந்த மருத்துவப் பள்ளி என்று சொல்ல எவ்வளவோ இருக்கிறது. இல்லாததை ஏன் ஏற்ற வேண்டும்? இந்தச் சுவரில் ஹாலோத்தேனுக்கு என்ன உரிமை என்பதற்கு ஒரே பதில்தான்: இந்த அரங்கில் அது புழங்கியது. எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்பதைத் துறையின் மருந்துப் பங்குப் பதிவேட்டிலும் அரங்கப் பதிவேட்டிலும் பார்த்து எழுதுங்கள். நினைவிலிருந்து சொல்லும் ஆண்டைக் கல்லில் ஏற்றாதீர்கள்.

---

பதில் 2: எழுத்துவெட்டு

மேற்குச் சுவர், கடல் காற்று, வெளிப்புறம் என்றால் பித்தளை வேண்டாம். உப்புக்காற்றில் பச்சை பூக்கும். மேலே அடிக்கும் லேக்கர் வெயிலில் உரியும். உரிந்த இடம் கறுத்து, உரியாத இடம் மினுங்கித் திட்டுத்திட்டாக நிற்கும். மாதம் ஒருமுறை புளி போட்டுத் தேய்க்க ஆள் இருந்தால் வைக்கலாம். தேய்க்கத் தேய்க்க எழுத்துக்குள் அடைத்த கறுப்புப் பெயின்ட் போகும். திருட்டுப் பயமும் உண்டு. பித்தளையை உள்ளே, கண்ணாடிப் பெட்டியோடு வையுங்கள். 22 நன்கொடையாளர் பெயருக்கும் அந்தச் சின்னத் தகடுதான் சரியான இடம்.

வெளியே கருப்பு கிரானைட். திண்டிவனம் பக்கத்துக் குன்னம் கருப்பு நல்ல கறுப்பு, மணிமணியாகப் புள்ளி தெரியாது. 600 மி.மீ. அகலம், 450 உயரம், 20 கனம் எடுத்தால் எடை கிட்டத்தட்ட பதினாறு கிலோ வரும், இரண்டு பேர் தூக்கிப் பதிக்கலாம். மணல் ஊதி வெட்டும் முறையில் 2 மி.மீ. ஆழம் கேளுங்கள். பளபளப்பான கறுப்பில் ஊதிய இடம் தானாகவே சாம்பல் வெள்ளையாகத் தெரியும், பெயின்ட் தேவையில்லை. தங்கப் பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்பார்கள். மேற்கு வெயிலில் சில வருஷத்தில் அது வெளிறி உதிரும், ஒரு எழுத்தில் இருக்கும், பக்கத்து எழுத்தில் இருக்காது. அடிக்காமல் விடுங்கள்.

இப்போது தமிழுக்கே உரிய தொல்லை. மணல் ஊதும்போது கல்லின் மேல் ரப்பர் ஸ்டென்சில் ஒட்டி, எழுத்தை வெட்டி எடுத்துவிட்டு ஊதுவார்கள். ண, ன, லூ போன்ற எழுத்துகளில் சுழிக்குள்ளே ஒரு தீவு மாதிரித் துண்டு நிற்கும். சுழி சின்னதாக இருந்தால் அந்தத் துண்டு காற்று அழுத்தத்தில் பெயர்ந்துவிடும். சுழி முழுக்கக் குழிந்து கரும்புள்ளி போல ஆகிவிடும். ண-வும் ன-வும் வேறுபாடு தெரியாது. அதே மாதிரி மெய்யெழுத்தின் புள்ளி. ஹாலோத்தேனில் இரண்டு புள்ளி, சார்ல்ஸில் மூன்று. புள்ளி 2 மி.மீ.க்குக் குறைந்தால் ஊதும் மணல் சரியாக இறங்காது. இரண்டு மழை கழித்து அழுக்கு அடைந்து புள்ளியே காணாமல் போகும். ஆகவே உடல் எழுத்து 16 மி.மீ. உயரத்துக்குக் குறையக் கூடாது, கோட்டுத் தடிமன் 2 மி.மீ., புள்ளி 3 மி.மீ. என்று கடைக்காரரிடம் எழுதியே கொடுங்கள். தலைப்பு 30 மி.மீ. மெல்லிய கோடும் தடித்த கோடும் கலந்த அலங்கார எழுத்துரு வேண்டாம், ஒரே சீரான தடிமன் உள்ளதை எடுங்கள்.

வரி இடைவெளியில் ஆங்கிலக் கணக்கு செல்லாது. நமக்கு மேலே விசிறி, கீழே சுழி இரண்டும் உண்டு. 16 மி.மீ. எழுத்துக்கு வரிக்கு வரி 28 மி.மீ. விடுங்கள். இந்தக் கல்லில் ஓரம் விட்டால் 500 மி.மீ. அகலம் கிடைக்கும், ஒரு வரிக்கு 25, 26 எழுத்து. தலைப்பு போக ஏழெட்டு வரி தமிழ், கீழே 10 மி.மீ. எழுத்தில் ஆறு வரி ஆங்கிலம். கடைப் பலகைகளுக்கு அரசு சொல்லும் தமிழ் 5, ஆங்கிலம் 3 விகிதத்துக்கும் இது ஏறக்குறைய ஒத்துவரும். ஆகத் தமிழ் வாசகம் 25 சொல்லைத் தாண்டினால் எழுத்தைச் சிறிதாக்க வேண்டிவரும். சிறிதாக்கினால் மேலே சொன்ன சுழிப் பிரச்சினை.

கோப்பை அனுப்பும்போது தட்டச்சு செய்த எழுத்தாக அனுப்பவே அனுப்பாதீர்கள். பல கடைகளில் இருப்பது பழைய கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருள். யூனிகோடு எழுத்து உள்ளே போனதும் கொம்பு இடம் மாறி எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். "ஹாலோத்தேன்" ஒரு சொல்லிலேயே இரண்டு கொம்பு இருக்கிறது. எழுத்தையெல்லாம் கோட்டுருவாக மாற்றி, பி.டி.எஃப். ஆக அனுப்புங்கள். அவர்கள் திரும்ப அனுப்பும் மாதிரியை முழு அளவில் காகிதத்தில் எடுத்து, அதே சுவரில், அதே உயரத்தில் ஒட்டி, மூன்று மீட்டர் தள்ளி நின்று படியுங்கள். சாயங்காலம் நான்கு மணிக்குப் படியுங்கள். மேற்கு வெயில் பளபளப்பில் பட்டுக் கண்ணைக் கூசினால், மெருகு குறைத்த மேற்பரப்பைக் கேட்கலாம், ஆனால் அப்போது எழுத்தும் கல்லும் ஒரே நிறத்துக்கு வந்துவிடும். அதைவிடப் பலகையைத் தாழ்வாரத்தின் உட்பக்கச் சுவருக்கு மாற்றுவது மேல்.

கியூ.ஆர். குறி பற்றி யாராவது கேட்பார்கள். கல்லில் வெட்டாதீர்கள். இணைப்பு செத்தாலும் குறி அப்படியே நிற்கும். உள்ளே பெட்டிமேல் அட்டையில் வையுங்கள், மாற்றிக்கொள்ளலாம்.

---

பதில் 3: காரைச்சுவர்

பதினாறு கிலோவைக் காரைச் சுவரில் எப்படி நிறுத்துவது என்பதற்கு வருகிறேன். கான்கிரீட்டில் போடும் விரியும் ஆங்கர் போல்ட்டைச் சுண்ணாம்புச் சுவரில் போடவே கூடாது. முறுக்க முறுக்க அது விரியும். பழைய செங்கல் பொடிந்து, காரை வட்டமாக உப்பி விழும். அன்றைக்கு விழாவிட்டாலும் அடுத்த மழையில் விழும்.

துளை போடும்போது இயந்திரத்தின் சுத்தியல் அடியை நிறுத்திவிட்டுச் சுழற்சியில் மட்டும் போடுங்கள். செங்கல்லில் போடாமல் இரண்டு கல்லுக்கு நடுவே உள்ள சாந்து இணைப்பில் போடுவதுதான் முறை. நாளைக்குப் பலகையை எடுத்தால் அந்த ஓட்டையைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்துவிடலாம், உடைந்த செங்கல்லை மாற்ற முடியாது. இணைப்பு எங்கே ஓடுகிறது என்பது பூச்சுக்குமேல் தெரியாது. ஓரத்தில் பூச்சு உதிர்ந்த இடத்தில் கல்லின் உயரத்தை அளந்து கணக்குப் போடுங்கள். பழைய செங்கல் இன்றைய அளவில் இருக்காது, அளந்தே ஆக வேண்டும்.

கல்லின் நான்கு மூலையிலும் 10 மி.மீ. துளை, அதில் 8 மி.மீ. கம்பி, சுவருக்குள் 80 முதல் 100 மி.மீ. போகட்டும். கம்பி துருப்பிடிக்காத எஃகில் 316 ரகம். கடையில் கேட்காமல் வாங்கினால் 304 தருவார்கள். கடற்கரைப் பக்கம் அதில் செம்புள்ளி வந்து, மழையில் கல்லின்மேல் பழுப்புக் கோடு இறங்கும். பசையை மட்டும் நம்பிக் கல்லை ஒட்டாதீர்கள். பசை பூச்சைப் பிடிக்கும், பூச்சு சுவரைவிட்டு வரும்.

பலகைக்கும் சுவருக்கும் நடுவே 8 முதல் 10 மி.மீ. இடைவெளி வேண்டும், கம்பியில் நைலான் வளையம் கோத்தால் போதும். இதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், காற்றில் விடும். கல்லை ஒட்டவைத்து நான்கு பக்கமும் சிலிக்கான் பூசி அடைத்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் பலகையின் ஓரத்தைச் சுற்றி உவர் பூக்கும். வெள்ளையாகப் பொரிந்து, இரண்டு மழைக்காலத்தில் பலகையைச் சுற்றிய பூச்சு முழுக்கக் கழன்றுவிடும். மேல் விளிம்பில் மட்டும் தண்ணீர் இறங்காதபடி ஒரு சாய்வு கொடுங்கள். பக்கமும் அடியும் திறந்தே இருக்கட்டும். உயரம், பலகையின் நடு தரையிலிருந்து 1.4 மீட்டர், சக்கர நாற்காலியில் வருபவரும் படிப்பார்.

அனுமதிக்கு இப்போதே நடக்கத் தொடங்குங்கள். துறைத்தலைவர் வழியாக டீனுக்குக் கடிதம். அதோடு வாசகம், அளவு, படம், சுவரில் துளை போடும் முறை எல்லாம் இணைத்து. கட்டடப் பராமரிப்பு பொதுப்பணித் துறையிடம் இருப்பதால் கோப்பு அங்கே போகும். கட்டடம் பாரம்பரியப் பட்டியலில் இருந்தால் சி.எம்.டி.ஏ.வின் (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதலும் கேட்பார்கள். வாசகம் மாறினால் கோப்பு மறுபடி முதலிலிருந்து நடக்கும், ஆகவே வாசகத்தை முடித்துவிட்டே கொடுங்கள். இன்னொன்று, அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை பிடிக்கலாம். துளையும் சாந்தும் செப்டம்பர் முடிவதற்குள் முடியட்டும். சுண்ணாம்புச் சாந்து இறுக நாளாகும், நனைந்தால் இறுகாது. திறப்பு அன்று திரைச்சீலையை மட்டும் விலக்குங்கள்.

---

பதில் 4: ஓடி_டெக்னீஷியன்

வேப்பரைசரை அப்படியே பெட்டியில் வைக்காதீர்கள் டாக்டர். உள்ளே மிச்ச மருந்து இருக்கலாம். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் வாடை வரும்.

ஹாலோத்தேன் வெளிச்சத்தில் சிதையும் என்பதால் பழுப்புப் பாட்டிலில் வந்தது, சிதைவைத் தடுக்க 0.01 சதவீதம் தைமால் சேர்த்து. மருந்து ஆவியாகும், தைமால் ஆவியாகாது. ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் அது உள்ளேயே தங்கித் தங்கி மஞ்சளாகி, கடைசியில் பிசின் மாதிரி திரியிலும் டயல் சுழலும் இடத்திலும் ஒட்டிக்கொள்ளும். கழித்த வேப்பரைசரில் டயல் திரும்பாததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பலத்தைப் போட்டுத் திருப்பினால் உள்ளே இருக்கும் வெப்ப ஈடுசெய்யும் ஈருலோகப் பட்டையும் வால்வும் கெடும். சர்வீஸ் தெரிந்தவரிடம் கொடுத்துத்தான் பிரிக்க வேண்டும். காட்சிக்கு மட்டும் என்றால் திருப்பாமலே விடலாம்.

வடிகாலைத் திறந்து மிச்சத்தைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, மருத்துவமனையின் ரசாயனக் கழிவில் சேருங்கள். தொட்டியில் ஊற்ற வேண்டாம். பிறகு திறந்த வெளியில் அல்லது கழிவு வாயு வெளியேற்றும் குழாயோடு இணைத்து, வாடை போகும்வரை ஆக்சிஜனை ஓடவிடுங்கள். ஈரம் பட்டால் ஹாலோத்தேன் பித்தளையையும் அலுமினியத்தையும் அரிக்கும், ஆகவே தண்ணீர்விட்டுக் கழுவாதீர்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை ஒன்று போட்டு மழைக்காலத்தில் மாற்றுங்கள். அடியில் ரப்பர் விரிப்பு வேண்டாம். ரப்பர் ஹாலோத்தேனை உறிஞ்சிவைத்துக்கொண்டு மெல்ல விடும்.

நிறத்தையும் கவனியுங்கள். நினைவுப் பலகை என்றால் நீலம் என்று வெளிநாட்டுப் படத்தைப் பார்த்து அட்டை அச்சடிப்பார்கள். நம் அரங்கில் நீலம் டெஸ்ஃபுளூரேன் என்ற வேறு மயக்க மருந்துக்கு. ஹாலோத்தேன் சிவப்பு. ஐசோ (ஐசோஃபுளூரேன்) ஊதா, சீவோ (சீவோஃபுளூரேன்) மஞ்சள். பெட்டியின் அட்டைக்குச் சிவப்புப் பட்டை கொடுங்கள். மாணவர்கள் எழுத்தைப் படிக்கும் முன்பே எது என்று தெரிந்துகொள்வார்கள்.

அந்த அட்டையில் ஏன் இந்த மருந்து போனது என்பதையும் எழுதுங்கள், மறைக்க வேண்டாம். உடலுக்குள் போனதில் ஏறத்தாழ 20 சதவீதம் ஈரலில் சிதைகிறது. அந்தச் சிதைவுப் பொருள் ஈரலின் புரதங்களோடு ஒட்டி, சிலருக்கு உடலின் எதிர்ப்புச் சக்தியையே ஈரல்மேல் திருப்பிவிடுகிறது. மூன்று மாதத்துக்குள் மறுபடி கொடுத்தால் ஆபத்து கூடும். அமெரிக்காவில் 34 மருத்துவமனைகளின் எட்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மயக்கங்களைத் தோண்டிப் பார்த்த ஆய்வு, பெரும் ஈரல் அழிவு மிக அரிது என்று 1960-களில் காட்டியது. ஆனாலும் ஐசோவும் சீவோவும் கிடைத்த பிறகு அந்த அரிய ஆபத்தைக்கூட ஏற்கத் தேவையில்லாமல் போயிற்று. அட்ரினலினோடு சேர்ந்தால் இதயத் துடிப்பு தடுமாறும் என்பதும் ஒரு வரி வரட்டும். சர்ஜன் அட்ரினலின் ஊசி போடும் முன் மயக்க மருத்துவரிடம் அளவு சொல்லும் பழக்கத்தின் அருமை அதில் புரியும்.

---

கேட்டவர்: பாயில்_மெஷின்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நன்கொடையாளர் பெயர்கள் உள்ளே போகின்றன, அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். இது புது வாசகம்:

ஹாலோத்தேன்
தீப்பற்றாத மயக்க மருந்து
விட்னஸில் உருவாக்கியவர் சார்ல்ஸ் சக்லிங், 1951
ஆய்வகத்தில் சோதித்தவர் ஜேம்ஸ் ரவென்டோஸ்
மான்செஸ்டரில் நோயாளிகளுக்கு முதலில் கண்டுபிடித்துத் தந்தவர் மைக்கேல் ஜான்ஸ்டன், 1956
இவ்வரங்கில் புழங்கிய ஆண்டுகள்: (பதிவேடு பார்த்த பின்)

ஃபுளூவோத்தேன் என்ற கம்பெனிப் பெயரையும் சேர்க்கலாமா என்று ஒருவர் கேட்கிறார்.

---

பதில் 5: ஈதர்_டோம்

வேண்டாம். ஃபுளூவோத்தேன் விற்பனைப் பெயர். அரசுச் சுவரில் பொதுப் பெயர்தான் நிற்க வேண்டும்; பழைய பாட்டில் ஏதும் கிடைத்தால் அதன் லேபிளே பெட்டிக்குள் சொல்லிவிடும்.

ஐந்தாவது வரியில் "கண்டுபிடித்து" திரும்ப நுழைந்திருக்கிறது பாருங்கள். "முதலில் தந்தவர்" போதும். விட்னஸ் எங்கே என்று இங்கே யாருக்கும் தெரியாது, "இங்கிலாந்தின் விட்னஸில்" என்று ஒரு சொல் கூட்டுங்கள். அந்த வரி எப்படியும் இரண்டாக மடிவதால் இடம் இருக்கிறது. ஆண்டு எழுதும்போது பதிவேட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம் இரண்டையும் படமெடுத்துத் துறைக் கோப்பில் வையுங்கள். பதிவேட்டில் நடுவே சில வருஷம் இல்லையென்றால் தொடர் ஆண்டாக எழுதாதீர்கள். "முதல் பதிவு" என்று போட்டு அந்த ஒரு ஆண்டை மட்டும் கொடுங்கள்.

---

பதில் 6: எழுத்துவெட்டு

"இவ்வரங்கில்" என்பதை "இந்த அரங்கில்" என்று பிரித்து வெட்டுங்கள். மூன்று மீட்டர் தள்ளி நின்றால் "வ்வ" இரண்டும் ஒட்டிக்கொண்டு தெரியும். புள்ளி ஒன்று அடைபட்டால் சொல்லே மாறிப்போகும். காகிதப் படியை ஒட்டியதும் ஒரு படம் போடுங்கள், கொம்பும் புள்ளியும் எண்ணிச் சொல்கிறேன்.